நியூரல்ஃபொயில்: சோளகக் காற்றுக்குப் பிளேட் வெட்டுபவர்கள் இதை நம்பலாமா?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். சிறிய காற்றாலை பிளேட், நிலையான இறக்கை உள்ள டிரோன், வள்ளத்துச் சுக்கான் ஆகியவற்றை யாழ்ப்பாணத்தில் இருந்து வடிவமைக்கிறவர்களுக்கு, இறக்கை வடிவங்களில் காற்று தருகிற விசையைக் கணிக்கும் நியூரல்ஃபொயில் என்ற மென்பொருள் நல்ல கருவி. காசு கிடையாது, எம்ஐடி உரிமத்தில் திறந்த மூலமாகக் கிடைக்கிறது, பழைய லப்டொப்பிலும் ஓடும், கிராஃபிக்ஸ் அட்டை தேவையில்லை. ஆனால் எமது வேலைகளில் பெரும்பாலானவை விழுகிற ரெனோல்ட்ஸ் எண் (வேகம், அளவு, பிசுக்குமை மூன்றையும் சேர்த்துப் பாய்ச்சலின் தன்மையைச் சொல்கிற எண்) வீச்சில்தான் இந்தக் கருவியைக் கூடிய கவனத்தோடு வாசிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கவனம் எங்கே, எதற்கு என்பதற்கே இந்த மதிப்புரையில் கூடிய இடம் கொடுத்திருக்கிறோம்.

இது என்ன செய்கிறது? ஓர் எயாஃபொயிலின் (இறக்கை அல்லது பிளேட்டின் வெட்டுமுகம்) வடிவம், அது காற்றைச் சந்திக்கிற தாக்குகோணம், ரெனோல்ட்ஸ் எண் ஆகியவற்றைக் கொடுத்தால் தூக்கல் குணகம், இழுவைக் குணகம், திருப்பக் குணகம் மூன்றையும் திருப்பித் தருகிறது. மேற்பரப்பில் சீரான பாய்ச்சல் எந்த இடத்தில் கொந்தளிப்பாக மாறுகிறது என்பதையும், மேற்பரப்பை ஒட்டி மெதுவாகிற காற்றுப் படலமான எல்லைப்படை மேலும் கீழும் எப்படி வளர்கிறது என்பதையும் கூடவே சொல்கிறது. இதே வேலையை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மார்க் டிரேலா 1986இல் எழுதிய எக்ஸ்ஃபொயில் இன்றைக்கும் செய்து வருகிறது. எக்ஸ்ஃபொயில் சமன்பாடுகளைத் திரும்பத் திரும்பத் தீர்த்து விடைக்கு வரும். அதே எம்ஐடியில் பீற்றர் ஷார்ப் உருவாக்கிய நியூரல்ஃபொயில், எக்ஸ்ஃபொயிலை எண்ணற்ற தடவை ஓட்டி எடுத்த விடைகளில் பயிற்சி பெற்ற ஒரு நியூரல் நெற்வேர்க். தீர்ப்பதற்குப் பதிலாகச் சில அணிப் பெருக்கல்களைச் செய்துவிட்டு விடையைக் கையில் தருகிறது. சமமான துல்லியத்துக்கு எக்ஸ்ஃபொயிலைவிட 8 மடங்கு தொடக்கம் 1000 மடங்கு வரை வேகம் என்று அதன் ஆக்கியோர் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

வேகத்தைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். எயாஃபொயிலை ஏற்கெனவே தெரிவு செய்துவிட்டீர்கள், நாண் நீளத்தையும் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான நீளம்) முறுக்கையும் மட்டும் மாற்றப் போகிறீர்கள் என்றால், உங்களுக்கு இந்த வேகம் தேவையே இல்லை. எக்ஸ்ஃபொயிலில் ஐந்தாறு ரெனோல்ட்ஸ் எண்களுக்கு அட்டவணை எடுத்து வைத்துக்கொண்டால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பிளேட்டின் வெட்டுமுக வடிவமே மாறும்போதுதான் கணக்கு வேறாகிறது. ஒரு பிளேட்டுக்கு 15 வெட்டுமுகம், 10 காற்று வேகம், ஒவ்வொன்றுக்கும் விடை நிலைபெறும்வரை 20 சுற்று என்று வையுங்கள்: 3000 தடவை விசையைக் கேட்கவேண்டும். அப்படி 500 வடிவங்களை ஒப்பிட்டால் 15 இலட்சம் தடவை. ஒரு தடவைக்கு 0.05 செக்கன் எடுத்தாலே கிட்டத்தட்ட 21 மணித்தியாலம். இடையில் கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து. இந்த இடத்தில்தான் நியூரல்ஃபொயில் தன் பெறுமதியைக் காட்டுகிறது.

வேகத்தைவிட நாங்கள் கூடுதலாக மதிக்கிற குணம் இன்னொன்று. எக்ஸ்ஃபொயில் சில புள்ளிகளில் விடைக்கு வராமல் நின்றுவிடும். ஸ்ரோலுக்குக் (கோணம் கூடிப் பாய்ச்சல் பிரிந்து தூக்கல் விழுகிற நிலை) கிட்ட, தடித்த எயாஃபொயிலில், குறைந்த ரெனோல்ட்ஸ் எண்ணில் இது அடிக்கடி நடக்கும். தானாக ஓடும் ஒரு கணக்கின் நடுவே ஒரு புள்ளி வெற்றாகப் போனால் முழுக் கணக்கும் குழம்பும். நியூரல்ஃபொயில் எப்போதும் விடை தரும். அந்த விடையும் ஒழுங்காக வளைந்து செல்லும், திடீர்த் தாவல் இருக்காது. ஆகவே எந்தப் பக்கம் வடிவத்தை நகர்த்தினால் இழுவை குறையும் என்று சாய்வைக் கணித்துக்கொண்டு போகிற முறைகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஏரோசாண்ட்பொக்ஸ் என்ற கூட்டாளிப் பொதியோடு சேர்த்தால் அந்தச் சாய்வுகள் தானாகவே கிடைக்கும்.

எப்போதும் விடை தருவதுதான் இதில் உள்ள பொறியும். எக்ஸ்ஃபொயில் தோற்றால் தோற்றது என்று தெரியும். நியூரல்ஃபொயில் பிழையான விடையையும் அதே அழகோடு நீட்டும். இதற்காகவே விடைகளோடு நம்பிக்கை எண் ஒன்று வருகிறது, 0இலிருந்து 1 வரை. கேட்கிற புள்ளி பயிற்சித் தரவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது, எக்ஸ்ஃபொயில் அங்கே விடைக்கு வந்திருக்குமா என்பவற்றின் மதிப்பீடு அது. 0.95 என்று வந்தால் காற்றுச் சுரங்க அளவோடு 95 வீதம் பொருந்தும் என்று அர்த்தமில்லை. எக்ஸ்ஃபொயில் சொல்லியிருக்கக்கூடியதை இது ஒழுங்காகப் பிரதிபண்ணுகிறது என்றே அர்த்தம். எக்ஸ்ஃபொயில் பிழைக்கிற இடத்தில் இதுவும் சேர்ந்து பிழைக்கும்.

இனி நிறுவுதல். பைதன் இருந்தால் பிப் கட்டளை ஒன்றோடு வந்துவிடும். கூடவே ஏரோசாண்ட்பொக்ஸும், அதற்கு வேண்டிய நம்பை, சைபை, காசாடி முதலியவையும் இறங்கும். மற்ற வேலைகளுக்கு வைத்திருக்கிற பைதனோடு கலக்காமல் தனியாக ஒரு மெய்நிகர் சூழலைத் திறந்து அதற்குள் போடுங்கள். நம்பையின் பதிப்பு மோதிக்கொள்வதுதான் மாணவர்களின் லப்டொப்களில் முதலில் வருகிற சிக்கல். இணையம் இல்லாத ஆய்வுகூடக் கணினிகளுக்கு, வீட்டில் பிப் டவுன்லோட் கட்டளையால் எல்லாப் பொதிகளையும் ஒரு கோப்புறைக்குள் இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய் நிறுவலாம். இறக்குகிற கணினியிலும் நிறுவுகிற கணினியிலும் பைதன் பதிப்பும் இயங்குதளமும் ஒன்றாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் காசாடி ஏறாது. ஒருமுறை ஏறியபின் இணையம் தேவைப்படாது.

மொடல் அளவுகள் எட்டு. மிகச் சிறியதிலிருந்து மிகப் பெரியது வரை போகப் போகத் துல்லியம் கூடும், நேரமும் கூடும். முதல் தேடலுக்கு நடுத்தர மொடல் போதும். இறுதி எண்களை எக்ஸ்லார்ஜ் என்ற அளவில் எடுங்கள். அதற்கு மேலே போனால் கிடைக்கிற திருத்தம், எமது கைவேலைப் பிளேட்டில் உளி தருகிற பிழையைவிடச் சின்னது.

முதலில் செய்யவேண்டிய பரிசோதனை: நாக்கா 0012 என்ற சமச்சீர் எயாஃபொயிலை 0 பாகையில் கொடுங்கள். தூக்கலும் திருப்பமும் பூச்சியமாக வரவேண்டும். இந்தச் சமச்சீர்த்தன்மை நெற்வேர்க்கின் அமைப்புக்குள்ளேயே கட்டப்பட்டிருப்பதால், பூச்சியம் வராவிட்டால் பிழை உங்கள் வடிவக் கோப்பில்தான் இருக்கிறது. அடுத்து எப்லர் 387 என்ற எயாஃபொயில். நாசா லாங்லி சுரங்கத்தில் 60,000 தொடக்கம் 4,60,000 வரையான ரெனோல்ட்ஸ் எண்களில் இதை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். குறைந்த வேக வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல உரைகல் கிடைக்காது. 2 இலட்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு 1 இலட்சத்தில், பிறகு 60,000இல். கீழே இறங்க இறங்க நம்பிக்கை எப்படித் தளர்கிறது என்பதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள்.

வடிவக் கோப்பில் நடக்கிற பிழைகள் கொஞ்சமில்லை. புள்ளிகள் பின்விளிம்பில் தொடங்கி மேற்பக்கத்தால் முன்விளிம்புக்கு வந்து, கீழ்ப்பக்கத்தால் மறுபடி பின்விளிம்புக்குப் போகவேண்டும். இணையத்தில் கிடைக்கிற சில கோப்புகளில் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் தனித்தனியாக, இரண்டும் முன்விளிம்பிலிருந்தே தொடங்கும். அப்படியே கொடுத்தால் வடிவம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். தாக்குகோணம் பாகையில் கொடுக்கவேண்டும், ஆரையனில் அல்ல. திருப்பக் குணகம் நாணின் கால்வாசிப் புள்ளியைச் சுற்றியது.

இன்னொன்றையும் கட்டாயம் விளங்கிக்கொள்ளவேண்டும். நீங்கள் 100 புள்ளி கொடுத்தாலும் 200 புள்ளி கொடுத்தாலும் இது உள்ளே 18 எண்களாகச் சுருக்கித்தான் பார்க்கிறது. மேற்பக்கத்துக்கு எட்டு, கீழ்ப்பக்கத்துக்கு எட்டு, முன்விளிம்புக்கு ஒன்று, பின்விளிம்புத் தடிப்புக்கு ஒன்று. அந்த 18 எண்களால் சொல்ல முடியாத வடிவம் அதற்குத் தெரியாது. கையால் செதுக்கிய மரப் பிளேட்டை அளந்து கொடுத்தால் அதில் உள்ள சிறு பள்ளம், பைபர்கிளாஸ் ஒட்டின மடிப்பு, முன்விளிம்பில் சுற்றின ரேப்பின் படி எல்லாம் மழுங்கிப் போய்விடும். ஆகவே சுருக்கிய வடிவத்தை மூல வடிவத்தின் மேல் வரைந்து பாருங்கள். 20 சென்ரிமீற்றர் நாணில் அரை மில்லிமீற்றருக்கு மேல் எங்காவது விலகினால், நீங்கள் கணிப்பது உங்கள் பிளேட்டை அல்ல. இப்படிச் சுருக்குகிற வேலையைச் சுற்றுக்குச் சுற்று செய்யவிடாமல் ஒருமுறை செய்து எண்களை வைத்துக்கொள்ளுங்கள். கோணங்களையும் ஒவ்வொன்றாக லூப்பில் கேட்காமல் ஒரே வரிசையாகக் கொடுங்கள். வேகம் இல்லை என்று குறைசொல்கிறவர்களின் நிரலைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

இனி எமது காற்றுக்கு வருவோம். 2 மீற்றர் விட்டமுள்ள ஒரு சிறிய காற்றாலையை எடுங்கள். செக்கனுக்கு 7 மீற்றர் வேகத்தில் வீசும் தென்மேற்குச் சோளகத்தில் அதன் வட்டத்துக்குள்ளால் போகிற காற்றின் வலு ஏறத்தாழ 625 வாற்று. அதில் 35 வீதத்தைப் பிடித்தால் 220 வாற்றுக்குக் கிட்ட. நுனிவேகம் காற்றின் ஆறு மடங்கு என்றால் செக்கனுக்கு 42 மீற்றர். நுனியில் நாண் 6 சென்ரிமீற்றர் என்றால் 30 பாகை வெப்பநிலையில் ரெனோல்ட்ஸ் எண் சுமார் 1,58,000. அடிப்பக்கம், ஆரையின் கால்வாசியில், நாண் 12 சென்ரிமீற்றராக இருந்தாலும் 95,000தான் வரும். ஆக முழுப் பிளேட்டும் 1 இலட்சத்தைச் சுற்றி நிற்கிறது. பளையில் நிற்கிற பெரிய காற்றாலைகளின் பிளேட்கள் மில்லியன் கணக்கான ரெனோல்ட்ஸ் எண்களில் வேலை செய்பவை. அவற்றுக்கு ஒத்துவரும் எயாஃபொயிலை எடுத்து அளவில் சுருக்கினால் சரிவராது என்பதற்கு இதுவே காரணம்.

1 இலட்சத்தைச் சுற்றி என்ன நடக்கிறது? சீரான எல்லைப்படை மேற்பரப்பை விட்டு விலகி, காற்றில் கொந்தளித்து, மறுபடி வந்து ஒட்டுகிறது. நடுவே ஒரு குமிழி. அந்தக் குமிழி நீண்டால் இழுவை கூடும், வெடித்தால் தூக்கல் விழும். அதன் நீளம் காற்றின் கொந்தளிப்புக்கும் மேற்பரப்பின் சொரசொரப்புக்கும் மிகக் கூர்மையாக ஆடும். எக்ஸ்ஃபொயிலுக்கே இது சிரமமான இடம். அதைப் பார்த்துப் படித்த நெற்வேர்க், கூர்மையான திருப்பத்தைச் சற்று உருட்டி மழுங்கச் செய்கிறது. எனவே உச்சத் தூக்கலையும் ஸ்ரோல் கோணத்தையும் வடிவமைப்பு எல்லையாக எடுக்காதீர்கள். சொல்கிற ஸ்ரோல் கோணத்துக்கு 3, 4 பாகை குறைவாக நின்று வேலைசெய்யும்படி பிளேட்டை முறுக்குங்கள்.

கொந்தளிப்பைச் சொல்வதற்கு என்கிரிட் என்ற எண் இருக்கிறது; காற்று கூடக் கொந்தளித்தால் எண் குறையும். பலர் அதைத் தொடாமல் 9இலேயே விட்டுவிடுகிறார்கள். 9 என்பது சராசரிக் காற்றுச் சுரங்கத்துக்கு உரியது. அமைதியான வானில் பறக்கிற கிளைடருக்கு 12 தொடக்கம் 14. கடற்கரையில் தடையில்லாமல் வருகிற சோளகம் வேறு, பனங்கூடலுக்குள்ளால் உடைந்து வருகிற சோளகம் வேறு. பனை உயரத்துக்குக் கீழே கோபுரம் நிறுத்துகிறவர்கள் 4 அல்லது 5 போட்டுப் பார்க்கவேண்டும். வாடைக்காலத்துக்குத் தனியாக இன்னொரு தடவை: திசை மாறினால் முன்னால் நிற்கிற மரங்களும் வீடுகளும் மாறும், காற்றின் தன்மையும் மாறும்.

சொரசொரப்பை நேரடியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் கொந்தளிப்பு தொடங்குகிற இடத்தைக் கட்டாயப்படுத்தலாம். கடல் உப்பும் செம்மண் தூசியும் பூச்சியும் முன்விளிம்பில் படிந்த பிளேட்டுக்கு, மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் நாணின் 5 வீதத்திலேயே கொந்தளிப்பு தொடங்குகிறது என்று 0.05 கொடுங்கள். துப்புரவான பிளேட், அழுக்கான பிளேட் இரண்டுக்கும் எண் எடுத்து, இரண்டிலும் தேறுகிற வடிவத்தைத் தெரிவு செய்யுங்கள். துப்புரவில் மட்டும் முதலிடம் பிடிக்கிற எயாஃபொயில் எமது கரையில் ஒரு மாதம் தாங்காது. ஒன்று முதல் ஐந்து கிலோவாற்று வரையான சிறு காற்றாலைகளுக்கென்றே வடிவமைத்த எஸ்ஜி6043 போன்றவற்றைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்வது நல்லது.

தானியங்கித் தேடலில் விடும்போது நெற்வேர்க்கின் பலவீனத்தைத் தேடல் மோப்பம் பிடித்துவிடும். கட்டுப்பாடு எதுவும் போடாமல் தூக்கலுக்கும் இழுவைக்கும் உள்ள விகிதத்தை மட்டும் கூட்டச் சொன்னால், கத்தி மாதிரி மெலிந்த பின்விளிம்பும் யாராலும் செதுக்க முடியாத வளைவுமாக ஒரு வடிவம் வரும், எண்கள் அபாரமாக இருக்கும். நம்பிக்கை எண் 0.90க்குக் குறையக்கூடாது என்பதை முதல் கட்டுப்பாடாகப் போடுங்கள். மரவேலைக்குப் பின்விளிம்பு 1 மில்லிமீற்றருக்கு மெலியக்கூடாது, அதாவது 12 சென்ரிமீற்றர் நாணில் 0.8 வீதம். நாணின் மூன்றிலொரு பங்கில் தடிப்பு குறைந்தது 12 வீதம், இல்லாவிட்டால் பிளேட்டின் அடி முறியும். ஒரே ஒரு தூக்கல் குணகத்துக்குத் தேடாமல் 0.5, 0.8, 1.0 என்று மூன்றுக்கும், இரண்டு ரெனோல்ட்ஸ் எண்களுக்கும் சேர்த்துத் தேடுங்கள். வந்த வடிவத்தை எக்ஸ்ஃபொயிலில் ஐந்து புள்ளியிலாவது சரிபார்க்காமல் மரத்தில் கை வைக்காதீர்கள்.

டிரோன் இறக்கை செய்கிறவர்கள் தவறவிடுகிற விடயம் ஒன்று. இது தருகிற இழுவை வெட்டுமுகத்தின் இழுவை மட்டும். இறக்கை நுனியால் காற்று சுருள்வதால் வருகிற இழுவை இதில் இல்லை. 1.2 மீற்றர் வீச்சு, 20 சென்ரிமீற்றர் நாண், செக்கனுக்கு 12 மீற்றர் வேகம் என்றால் ரெனோல்ட்ஸ் எண் 1,50,000. தூக்கல் குணகம் 0.6இல் இறக்கை 12 நியூற்றன் சுமக்கும், ஏறத்தாழ 1.2 கிலோ. மெதுவாகப் பறக்கும்போது அதே குணகம் 0.8 ஆனால், வீச்சுக்கும் நாணுக்கும் விகிதம் 6 என்பதால், நுனிச் சுருளின் இழுவைக் குணகம் மட்டும் கிட்டத்தட்ட 0.038. வெட்டுமுக இழுவையைவிட இது கூட இருக்கும். மின்கல நேரத்தைக் கணிக்கும்போது இதைக் கூட்டாமல் விட்டால் வானூர்தி பாதி வழியில் இறங்கும்.

காற்றுக்கு மட்டும்தானா? தண்ணீருக்கும் இது பொருந்தும், ரெனோல்ட்ஸ் எண்ணைக் கடல்நீரின் பிசுக்குமையில் கணித்தால் போதும். 25 சென்ரிமீற்றர் நாணுள்ள சுக்கான், செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் சுமார் 8,50,000இல் நிற்கிறது. இங்கே கருவி மிக நம்பகமாக நடந்துகொள்கிறது. தட்டையான பலகைச் சுக்கானையும் 12 வீதத் தடிப்புள்ள சமச்சீர் வெட்டுமுகத்தையும் ஒப்பிடுவது மீன்பிடி வள்ளம் கட்டுகிறவர்களுக்கு ஒரு பின்னேர வேலை. பலகைக்குப் பதிலாக முனை வட்டமான ஒரு மெல்லிய தகட்டின் வடிவத்தைக் கொடுங்கள், கூரான மூலைகள் 18 எண்ணுக்குள் அடங்காது. விசைப்படகின் சுழலிக்கு இதைக் கொண்டு போகவேண்டாம், அங்கே தண்ணீரில் ஆவிக் குமிழிகள் தோன்றி வெடிப்பது வேறு கதை.

360 பாகைக்கும் விடை தருகிறது என்பதைப் பார்த்துச் செங்குத்து அச்சுக் காற்றாலைக்குப் பயன்படுத்த ஆசை வரும். மதிப்பீட்டுக்குப் பரவாயில்லை. கோணம் வேகமாக மாறும்போது ஸ்ரோல் பிந்தி வருவது இதற்குள் இல்லை, சுழலும் பிளேட்டின் அடியில் ஸ்ரோல் தள்ளிப்போவதும் இல்லை. கூரைமேல் சூரியப் பலகைக்குக் காற்றுச் சுமை கணிக்கவும் இது வேண்டாம். அது கட்டிடத்தோடு சேர்ந்த முப்பரிமாணப் பாய்ச்சல்.

முழு மேற்பரப்பின் அழுத்தத்தையே முப்பரிமாணத்தில் சொல்கிற நெற்வேர்க்குகளும் உண்டு. கார் உடல்களுக்கு டிரைவேர்நெற் என்ற தரவுத் தொகுப்பு இருக்கிறது. எயாஃபொயிலைச் சுற்றிய முழுப் பாய்ச்சலுக்கு 1000 கணிப்புகள் கொண்ட எயாஃப்ரான்ஸ் இருக்கிறது. பின்னதன் ரெனோல்ட்ஸ் எண் 20 இலட்சத்திலிருந்து 60 இலட்சம் வரை, எமது வேலைக்கு எட்டாத தூரம். இவற்றுக்கு வலுவான கிராஃபிக்ஸ் அட்டையும் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற மாணவர் ஆய்வுக்கு எடுக்கலாம், பட்டறைக்கு உதவாது.

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுகிறவர்களும் இதைக் கேட்கிறார்கள். பட்டத்துக்கு இந்தக் கருவி சரிவராது. ஒற்றைத் தாள், காற்றில் தானே வளைகிற மூங்கில் சட்டம், நாணைவிட அதிகம் நீளாத வீச்சு, பெரிய தாக்குகோணம்: நான்கும் இதன் எல்லைக்கு வெளியே. தூக்கலும் இழுவையும் எந்தப் புள்ளியில் கூடுகின்றன என்பதை அறியவேண்டுமானால், முச்சை நூலில் (பட்டத்தின் சட்டத்தில் கட்டுகிற நூல்) ஒரு தொங்கு தராசைக் கொளுவி, நூலின் கோணத்தை அளந்து, காற்று வேகத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முச்சையை ஒவ்வொரு விரற்கடையாக மாற்றிப் பத்து அளவு எடுத்தால், எந்த நெற்வேர்க்கும் இன்று தராத அட்டவணை உங்கள் கொப்பியில் இருக்கும்.